ஓங்காத கை

டென்னிஸில் பந்தை முழு வலிமையுடன் அடிப்பதில் ஒரு தனி இன்பம் உண்டு. மட்டையின் நடுவில் பந்து படும் ஒலியே ஆடுபவரைக் கிறங்கச் செய்யும். ஆனால் ஆடுகளத்தின் நீளமோ 23.77 மீட்டர்தான். வலிமை எல்லை மீறினால் பந்தும் எல்லை மீறிவிடும்.

1975-ஆம் ஆண்டு விம்பிள்டன் இறுதி ஆட்டத்தில் ஆர்தர் ஆஷ் என்ற அமெரிக்க வீரருக்கு இதனினும் கடினமான சிக்கல் எழுந்தது. அவருக்கு வயது 31. எதிரே நின்ற ஜிம்மி கானர்ஸ் 22 வயது இளைஞர். முந்தைய ஆண்டின் சாம்பியன். எதிராளி தரும் வேகத்தையே ஆயுதமாக்கித் திருப்பியடிப்பதில் வல்லவர். ஆஷோ இயல்பிலேயே ஓங்கி அடிப்பவர். தாம் விரும்பிய அடியே கானர்ஸுக்கு உணவாகும் என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

ஆகவே பந்தை மெதுவாகவும் தாழ்வாகவும் அனுப்பினார். சில வேளை தலைக்கு மேலே தூக்கியடித்தார். வேகம் கிடைக்காத கானர்ஸ் தாமே அதை உண்டாக்க முயன்று பிழைகள் செய்தார். முதல் இரு செட்டுகளும் 6-1, 6-1 என ஆஷுக்கே கிட்டின. அவர் இன்பத்தைத் துறந்து ஆடினார் என்று கூறுவது பொருந்தாது. எண்ணிய இடத்தில் பந்து சென்று விழுவதைக் காண்பதும் இன்பமே. அது கையின் இன்பமன்று, அவ்வளவுதான்.

சோதனை பின்னர்தான் வந்தது. மூன்றாம் செட்டை 7-5 என வென்ற கானர்ஸ், நான்காவதில் 3-0 என முந்தினார். இத்தகைய வேளையில் பழகிய கை ஓங்கவே துடிக்கும். ஆஷ் இடைவேளைகளில் நாற்காலியில் கண்மூடி அமர்ந்திருந்தார். எழுந்து வந்து அதே திட்டப்படி ஆடினார். தக்க பந்து வாய்த்தபோது மட்டும் வலிமையைக் காட்டினார். அந்தச் செட் 6-4 என அவருக்கே முடிந்தது.