நோயாளர் படுக்கையருகே திருநீறு

மருள்நீக்கியார் சமண சமயம் சார்ந்து, தருமசேனர் என்னும் பெயருடன் பாடலிபுத்திரத்தில் இருந்த காலத்தில் அவரைக் கொடிய சூலைநோய் பற்றியது. சமணர் செய்த முயற்சிகள் பலிக்கவில்லை. தமக்கையார் திலகவதியாருக்கு ஆள் அனுப்பினார். அம்மையார் சமணர் பள்ளிக்கு வர உடன்படவில்லை. ஆகவே இரவோடிரவாகத் தாமே திருவதிகைக்குச் சென்று தமக்கையாரின் அடிகளில் வீழ்ந்தார். தம்மையும் குலச் சமயத்தையும் விட்டுப்போன தம்பியை அம்மையார் கடிந்துரைத்ததாகச் சேக்கிழார் பெருமான் பாடவில்லை. ஐந்தெழுத்தோதித் திருநீறு கொடுத்தார். விடியுமுன் வீரட்டானத்துக்குத் திருத்தொண்டு செய்யப் போகையில் உடன் அழைத்துச் சென்றார். பதிகம் பிறந்தது அதன் பின்னரே.

இன்று ஆஸ்பத்திரிக்குப் போகும் நம்மவரிற் சிலர் இதற்கு மாறாக நடக்கின்றனர். “சனி பிழை”, “நேர்த்தியை மறந்ததால் வந்தது” என்று படுத்திருப்பவரின் முகத்துக்கு நேரே சொல்கின்றனர். இதே வருத்தத்தில் இறந்தவர்களின் கதையையும் சொல்லிவிட்டு வருவோர் உண்டு. வினைக் கொள்கை சைவத்துக்கு உரியதுதான். ஆனால் அதைப் போதிக்கும் இடம் நோயாளரின் கட்டிலடி அன்று.

கிறிஸ்தவர்களுக்குப் போதகர் வந்து செபிக்கிறார். பௌத்தர்களுக்குப் பிக்குமார் பிரித் ஓதுகின்றனர். இங்கிலாந்தின் அரச மருத்துவமனைகளில் இப்பணியைச் செய்வோரில் இந்துக்களும் உள்ளனர். நம் ஊர்களிலோ நோயாளரின் பெயர் நட்சத்திரம் சொல்லி அர்ச்சனை செய்வித்து, விபூதிப் பொட்டலத்தை உறவினர் கொண்டுபோவதே வழக்கம். குருக்கள் ஆலயக் கிரியைகளை விட்டு விடுதி விடுதியாகச் செல்ல இயலாது. எனவே இது தொண்டர்களின் கடமையாகிறது. கொடிமாடச்செங்குன்றூரில் உடன்வந்த அடியார்களைக் குளிர்சுரம் வருத்தியபோது, திருஞானசம்பந்தர் அவர்களுக்காகத் திருநீலகண்டப் பதிகம் பாடியருளினார் என்பது பெரியபுராணச் செய்தி.

திருகோணமலை மாவட்டத்தில் இத்தேவை பெரிது. முன்னர் மூதூர், சம்பூர்ப் பகுதியினர் நோயாளரை நகருக்குக் கொண்டுவரக் கொட்டியாரக் குடாவைப் படகிலே கடந்தனர். 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. ஏனைய துறைகளிலும் பாலங்கள் அமைந்தபின் தரைவழி எளிதாயிற்று. ஆயினும் வெருகலிலிருந்தோ குச்சவெளியிலிருந்தோ வந்து துணைக்கு நிற்பவருக்கு நகரில் தெரிந்த முகம் இருப்பதில்லை. புற்றுநோய்க்கு மகரகமைக்கு அனுப்பப்படுவோரின் நிலை இன்னும் கடினம். அங்கே மொழியும் புதிது.

செல்லும் தொண்டர்கள் பார்வை நேரத்தில் மட்டும் செல்க. முதலில் தாதியிடம் கேட்க வேண்டும். ஒட்சிசன் உள்ள இடத்தில் கற்பூரமோ விளக்கோ ஏற்றலாகாது, இது உயிராபத்து. புண்ணுள்ளவர் அருகில் விபூதியைத் தூவாது, தாளில் மடித்துத் தலையணைக்கருகே வைக்கலாம். சலரோகக்காரருக்குச் சர்க்கரைப் பொங்கலையும், சிறுநீரக நோயாளருக்கு வாழைப்பழம், இளநீரையும் பிரசாதமென்று கொடுத்துவிடக் கூடாது. நேர்த்திக்காக மருந்தை நிறுத்தும்படி எவரும் சொல்லலாகாது. தேவாரம் பாடுமுன் நோயாளருக்கு விருப்பமா என்று அறிதல் நன்று. அடுத்த கட்டிலில் இருப்பவர் வேறு சமயத்தவராகவும் இருக்கலாம். பேச விரும்பாதவரிடம் சும்மா இருத்தலும் தொண்டே.

அந்தியகாலத்தில் சிவபுராணம் ஓதுவது நம் மரபு. வைத்தியர் கைவிரித்தபின் வீட்டுக்குக் கொண்டுபோக விரும்புவோரும் உளர். அப்போது வாகனம் பிடிக்க வேண்டும், கடிதம் எழுத வேண்டும், ஊரில் இருக்கும் வயோதிபத் தாயாருக்கு யார் சொல்வது என்று தீர்மானிக்க வேண்டும். மூன்று நாள் உறங்காமல் வாங்கில் இருந்த மனைவி இவற்றையெல்லாம் தனியே செய்ய முடியாது. ஆலயத்திலிருந்து இருவர் போனால், ஒருவர் அலுவல்களைப் பார்க்க, மற்றவர் அவருக்கு ஒரு தேநீர் வாங்கிக் கொடுத்துப் பக்கத்தில் இருக்கலாம்.