ஐந்து வீத டெப்பாசிட்டுக்கு ஓம் சொல்லாதீர்கள்

எங்கள் வீட்டு விற்பனை குழம்பியதைக் கேள்விப்பட்டு ஆறுதல் சொல்ல வந்தவர்களில் பாதிப்பேர், "சும்மா இருக்க 24,000 பவுண்ட் கிடைச்சிருக்கு, பிறகென்ன?" என்றுதான் கேட்டார்கள். என் மச்சானும் அதில் ஒருவர். வாங்குபவர் முறித்தால் டெப்பாசிட் விற்பவருக்குச் சேரும் என்பது உண்மைதான். அந்தக் காசு எங்கே போனது என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக விளக்கிக் களைத்துவிட்டேன்.

இங்கிலாந்தில் கொன்ட்ராக்ட் எக்ஸ்சேஞ்ச் ஆகும்வரை எவரும் காரணம் சொல்லாமல் விலகலாம். எக்ஸ்சேஞ்ச் ஆகிவிட்டால் இரு தரப்பும் சட்டப்படி கட்டுண்டவர்கள். அதனால் அந்த நாள் கடந்தால் நிம்மதி என்று எல்லோரும் நம்புகிறோம். வியூவிங், சேர்வே, சேர்ச் எல்லாம் வழமைபோல் முடிந்தன. அவற்றில் சொல்ல ஒன்றுமில்லை.

எக்ஸ்சேஞ்சுக்கு முதல்நாள் ஏஜெண்ட் போன் எடுத்தார். எங்கள் ஈஸ்ட்ஹாம் வீட்டின் விலை 480,000 பவுண்ட். வழக்கமான டெப்பாசிட் 10 வீதம். வாங்குபவரிடம் 5 வீதம்தான் இருக்கிறதாம். "அண்ணை, பத்திலயே நிண்டா ஆள் ஓடிடும். இப்ப எல்லாரும் அஞ்சுதான் குடுக்கினம்." ஏஜெண்டும் எங்கள் ஊர்ப்பிள்ளை. சொலிசிட்டரோ 'இதில் ரிஸ்க் உண்டு' என்று ஈமெயிலில் ஒற்றை வரி எழுதிக் கையைக் கழுவிக்கொண்டார். மகளுக்கு ஹரோவில் பள்ளிக்கூட இடம் கிடைத்திருந்த நிலையில் வேறு என்ன செய்வது? நீங்களும் ஓம் என்றுதான் சொல்லியிருப்பீர்கள்.

நாங்கள் வாங்கவிருந்த ஹரோ வீட்டுக்காரி அப்படி இளகவில்லை. 600,000க்கு முழு 10 வீதம், அதாவது 60,000 வேண்டும் என்று நின்றார். வரவிருந்த 24,000உடன் எங்கள் சேமிப்பை வழித்துப் போட்டு நிரப்பினோம். கெட்டிக்காரி. இப்போது யோசித்தால் அந்த விற்றல்-வாங்கல் சங்கிலியில் புத்தியோடு நடந்தவர் அவர் ஒருவர்தான்.

எக்ஸ்சேஞ்சுக்கும், மிச்சக் காசு கட்டி வீடு கைமாறும் கொம்ப்ளீஷனுக்கும் இடையில் வாங்குபவருக்கு வேலை போனது. பாங்க் மோர்கேஜைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. காசை விடுவிக்கும்வரை பாங்குக்கு அந்த வழி திறந்தே இருக்கிறது. கொம்ப்ளீஷன் நாளன்று மதியம் 2 மணி தாண்டியும் பணம் வரவில்லை. 10 வேலை நாட்களுக்குள் முடிக்கும்படி சொலிசிட்டர் நோட்டீஸ் அனுப்பினார். அந்த நோட்டீஸ் போனால் மிச்ச 5 வீதத்தையும் உடனே கட்டவேண்டும் என்று வழமையான ஒப்பந்த நிபந்தனைகளில் இருக்கிறது. கடதாசியில் நல்லாத்தான் இருக்கிறது. வேலை இழந்தவரிடம் எதை வாங்குவது? டெப்பாசிட்டுக்கு மேலே நட்டம் வந்தால் வழக்குப் போடலாம் என்கிறார்கள். வழக்குச் செலவை யார் தருவது?

எங்களுக்கும் ஹரோவிலிருந்து அதே நோட்டீஸ் வந்தது. கீழே சங்கிலி அறுந்தது என்ற காரணம் மேலே செல்லாது, இரண்டும் வேறு வேறு ஒப்பந்தம். 60,000ஐ இழக்க மனமில்லாமல் பிரிட்ஜிங் லோன் எடுத்து வாங்கினோம். ஈஸ்ட்ஹாம் வீடு கையில் இருந்ததால் ஸ்டாம்ப் டியூட்டியில் மேலதிகமாக 5 வீதம், 30,000 பவுண்ட். பழைய வீட்டை மூன்று வருடத்துக்குள் விற்றால் திரும்பக் கேட்கலாம். ஆனால் முதலில் கட்டியே தீரவேண்டும். பிறகு ஈஸ்ட்ஹாம் வீடு வேறொருவருக்கு 460,000க்குப் போனது. 24,000இல் 20,000 அங்கேயே முடிந்தது. மிச்சம் லோன் வட்டிக்குக் காணவில்லை.

இதற்கிடையில் அந்த ஏஜெண்ட் தம்பி கொமிஷன் பில் அனுப்பினார். விற்காத வீட்டுக்கு என்ன கொமிஷன் என்று கேட்டால், அவருடைய கொன்ட்ராக்டில் எக்ஸ்சேஞ்ச் ஆனாலே கொமிஷன் உண்டு என்று இருக்கிறது. ஐந்து வீதத்துக்கு ஏன் அவ்வளவு அவசரப்பட்டார் என்பது அப்போதுதான் விளங்கியது.

ஆகவே 10 வீதத்திலேயே நில்லுங்கள். அதற்கு ஓடுகிறவர் பிறகும் ஓடுவார். எக்ஸ்சேஞ்சுக்கும் கொம்ப்ளீஷனுக்கும் இடையில் ஒரு கிழமைக்கு மேல் விடாதீர்கள். ஏஜெண்டோடு கையெழுத்து வைக்குமுன் கொமிஷன் கொம்ப்ளீஷனுக்குப் பிறகே என்று எழுதி வாங்குங்கள். மறுத்தால் எழும்பி வாருங்கள், ஈஸ்ட்ஹாமில் ஏஜெண்டுகளுக்குப் பஞ்சமில்லை.