மக்காவில் கூவிய அந்நியன்

யமன் நாட்டிலிருந்து ஒரு வியாபாரி சரக்குடன் மக்கா வந்தார். ஆஸ் இப்னு வாயில் என்பவன் அந்தச் சரக்கை வாங்கிக்கொண்டான், விலையைக் கொடுக்கவில்லை. சரக்கும் போயிற்று, பணமும் வரவில்லை. நம் பெருமானார் (ஸல்) அவர்கள் சுமார் இருபது வயது வாலிபராக இருந்தபோது நடந்த சம்பவம் இது.

ஆஸ் சாதாரணப் பேர்வழி அல்லன். ஸஹ்மு கோத்திரத்தின் பெரிய தலைகளில் ஒருவன். அன்றைய மக்காவில் கச்சேரியும் இல்லை, காஜியும் இல்லை. ஒருவனுடைய கோத்திரம்தான் அவனுக்குக் கோட்டை. அவனை அடித்தால் கோத்திரம் திருப்பி அடிக்கும் என்ற பயமே அங்கே சட்டம். வெளியூர்க்காரனுக்கு அந்தக் கோட்டை ஏது? அந்த வியாபாரி சில கோத்திரத் தலைவர்களிடம் போய் முறையிட்டார். ஆஸைப் பகைத்துக்கொள்ள அவர்களுக்கு மனமில்லை. வந்தவரையே கடிந்து விரட்டி விட்டார்கள்.

சூரியன் உதிக்கும் வேளையில், குறைஷிகள் கஃபாவைச் சுற்றிக் கூடி உட்கார்ந்திருந்தபோது, அவர் அபூகுபைஸ் மலை மீது ஏறி நின்று, ஊர் முழுதும் கேட்கத் தமக்கு நேர்ந்த அநியாயத்தைக் கூவினார். பலர் கேட்டார்கள். எழுந்தவர் நாயகத்தின் பெரிய தந்தையார் ஸுபைர் இப்னு அப்துல் முத்தலிப். (பிற்காலத்து ஸஹாபி ஸுபைர் இப்னு அவ்வாம் (ரலி) வேறு, இவர் வேறு.) அவருடைய முயற்சியால் ஹாஷிம், ஸுஹ்ரா, தைம் முதலான கோத்திரத்தார் அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆன் என்பவரின் வீட்டில் கூடினார்கள். துல்கஃதா மாதம். இப்னு ஜுத்ஆன் விருந்து சமைத்துப் போட்டார். அங்கே அல்லாஹ்வின் பெயரால் உறுதி செய்துகொண்டார்கள்: மக்காவாசியானாலும் சரி, வெளியிலிருந்து வந்தவனானாலும் சரி, அநீதிக்குள்ளானவனுக்கு அவனுடைய ஹக்குத் திரும்பும் வரை அநீதி செய்தவனுக்கு எதிராக நாம் ஒரே கையாக நிற்போம் என்று. பிறகு எல்லோரும் நேரே ஆஸின் வீட்டுக்கு நடந்தார்கள். சரக்கை வாங்கி உரியவரிடம் ஒப்படைத்தார்கள். இதற்கு ஹில்ஃபுல் ஃபுளூல் என்று பெயர். அந்தச் சபையில் நம் கண்மணி நாயகமும் இருந்தார்கள்.

இதில் நாம் சாதாரணமாகக் கவனிக்காமல் போகிற விஷயம் ஒன்று உண்டு. இப்னு ஜுத்ஆன் பெரும் செல்வர். ஊருக்கே சோறு போட்டவர். அந்தச் சரக்கின் விலை அவருக்கு ஒரு பொருட்டல்ல. “பாவம், வெளியூர்க்காரன்” என்று பணப்பையை அவிழ்த்திருந்தால் விஷயம் அன்றே முடிந்திருக்கும். வியாபாரியும் துஆ செய்துவிட்டுப் போயிருப்பார். ஆனால் ஆஸ் செய்த அநியாயம் அப்படியே நின்றிருக்கும். அடுத்த ஆண்டு வரும் வியாபாரியையும் ஏமாற்றியிருப்பான். அவர்கள் கொடுக்க முன்வந்தது ஸதகா அல்ல. வாங்கிக் கொடுத்தது ஹக்கு. இரண்டுக்கும் உள்ள தூரம் அதிகம். ஸதகா கொடுப்பவருக்கு எதிரிகள் உண்டாவதில்லை. ஹக்கை வாங்கித் தரப் போகிறவர் தம் ஊர்ப் பெரிய மனிதரின் வாசலில் போய் நிற்க வேண்டும்.

நுபுவ்வத்துக்குப் பிறகும் நாயகம் (ஸல்) அவர்கள் அந்த உடன்படிக்கையை நினைவுகூர்ந்து, சிவந்த ஒட்டகங்களைக் கொடுத்தாலும் அதற்கு ஈடாக ஏற்கமாட்டேன் என்றும், இஸ்லாத்தில் அப்படி ஓர் அழைப்பு வந்தாலும் ஏற்பேன் என்றும் சொன்னதாக ஸீரா நூல்களில் வருகிறது. இப்னு ஜுத்ஆன் ஈமான் இல்லாமல் இறந்தவர். அவர் செய்த தானதருமங்கள் மறுமையில் அவருக்குப் பயன்படுமா என்று ஆயிஷா நாயகி (ரலி) கேட்டபோது, பயன்படாது என்று பதில் வந்ததாக முஸ்லிம் ஷரீபில் இருக்கிறது. அவருடைய மறுமை வேறு விஷயம். அவர் வீட்டில் எடுத்த உறுதிமொழியின் மதிப்பு வேறு விஷயம். நியாயத்துக்காகப் பிற சமயத்தாருடன் சேர்ந்து நிற்கலாமா என்று இன்னும் சந்தேகப்படுகிறவர்கள் இதைச் சிந்திக்கட்டும்.

அந்த உறுதிமொழி ஒரு நாள் ஆவேசத்தோடு முடியவில்லை. கஸ்அம் கோத்திரத்தைச் சேர்ந்த ஒருவர் தம் மகளோடு மக்கா வந்தார். நுபைஹ் என்பவன் அந்தப் பெண்ணை அபகரித்துக்கொண்டான். ஹில்ஃபுல் ஃபுளூல்காரர்களைக் கூப்பிடு என்று யாரோ சொல்லிக்கொடுக்க, அவர் கஃபாவின் அருகில் நின்று கூப்பிட்டார். வாளை உருவிக்கொண்டு நாலாபக்கமிருந்தும் ஓடி வந்தார்கள். நுபைஹ் ஓர் இரவு மட்டும் அவகாசம் கேட்டானாம். ஒரு நொடியும் தரமாட்டோம் என்று பெண்ணை மீட்டுத் தந்தையிடம் சேர்த்தார்கள்.

அபூஜஹ்லின் கதையும் பலருக்குத் தெரிந்ததே. இராஷைச் சேர்ந்த மனிதர் ஒருவரிடம் ஒட்டகங்களை வாங்கிவிட்டுப் பணம் தராமல் இழுத்தடித்தான். அவர் குறைஷிகளின் சபையில் முறையிட்டார். அவர்களோ வேடிக்கை பார்க்கும் எண்ணத்தில், அதோ உட்கார்ந்திருக்கிறாரே, அவரிடம் போய்க் கேள் என்று நாயகத்தைச் சுட்டிக் காட்டினார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் உடனே எழுந்து அவருடன் நடந்து, தம் பரம விரோதியின் கதவைத் தட்டினார்கள். பணம் வந்தது. மக்காவில் முஸ்லிம்களே அடியும் உதையும் பட்டுக்கொண்டிருந்த காலத்தில் நடந்தது இது. நம் கஷ்டம் தீரட்டும், பிறகு பிறர் கஷ்டத்தைப் பார்க்கலாம் என்று அவர்கள் சொல்லவில்லை.

இனி நம் காலத்துக்கு வருவோம். நம்மில் எத்தனையோ வீடுகளில் அரபு நாட்டில் ஒரு பிள்ளை இருக்கிறார். கஃபீல் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார், ஆறு மாதச் சம்பளம் நிற்கிறது என்ற செய்தி நமக்குப் புதிதல்ல. அந்த நேரத்தில் நம் மனம் எப்படித் துடித்தது! கத்தார் நாட்டைப் பற்றி 2014-ல் ஜெனீவாவில் தொழிலாளர் பிரதிநிதிகள் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பிடம் முறையீடு கொடுத்தார்கள். விசாரணைகளும் பேச்சுவார்த்தைகளும் நடந்து, 2018-ல் அந்த அமைப்பின் அலுவலகம் தோஹாவில் திறக்கப்பட்டது. பழைய முதலாளியின் சம்மதக் கடிதம் இல்லாமலே வேலை மாறலாம் என்ற சட்டம் 2020-ல் வந்தது. மாதம் 1,000 ரியால் குறைந்தபட்சச் சம்பளம் 2021 மார்ச்சிலிருந்து அமலாயிற்று. எல்லாக் குறையும் தீர்ந்துவிட்டது என்று நாம் சொல்லவில்லை. தனி மனிதனுடைய அழுகைக்கு அசையாத கதவு, பலர் சேர்ந்து தட்டியபோது கொஞ்சம் திறந்தது.

அதே துடிப்பு, ஒடிசாவிலிருந்தும் பீஹாரிலிருந்தும் நம் தெருவுக்கு வந்து கல் ஒட்டுகிறவர், நம் ஹோட்டலில் பாத்திரம் தேய்க்கிறவர் விஷயத்தில் நமக்கு வருகிறதா? வடநாட்டுத் தொழிலாளர்கள் தமிழகத்தில் தாக்கப்படுகிறார்கள் என்று 2023 மார்ச்சில் பொய்ப் படங்கள் பரவியபோது, அவர்களில் பலர் கலங்கிப் போனார்கள். மொழி தெரியாத ஊரில் உண்மையை யாரிடம் கேட்பது? நம் ஜமாஅத்தின் கதையும் அந்தப் பழைய மக்காவின் கதைதான். சந்தாப் புத்தகத்தில் பெயர் இருந்தால் பஞ்சாயத்து உண்டு. இல்லாதவருக்கு மலைதான்.

கூலிக்காரரிடம் முழு வேலையும் வாங்கிக்கொண்டு கூலி கொடுக்காதவனுக்கு எதிராக மறுமையில் தானே வழக்காடுவதாக அல்லாஹ் கூறுவதை நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்தது புகாரி ஷரீபில் இருக்கிறது. சாட்சியம் தமக்கோ பெற்றோருக்கோ உறவினருக்கோ பாதகமானாலும் நீதியில் நிலைத்திருக்க வேண்டும் என்ற கட்டளை, சூரா நிஸாவின் 135-வது வசனத்தில் இருக்கிறது. மூஸா (அலை) அவர்கள் மத்யனுக்கு அகதியாக வந்து, கூலி கேளாமலே இரு பெண்களின் ஆடுகளுக்குத் தண்ணீர் இறைத்தார்கள். அப்பெண்களின் தந்தை மகளை அனுப்பி அழைத்துக் கூலி கொடுக்க விரும்பினார் என்பது சூரா கஸஸில் வருகிறது. நாமோ கேட்டு வருகிறவரையும் அலைய விடுகிறோம்.

எங்கள் மஹல்லாவிலேயே நடந்ததைச் சொல்கிறோம். ஒரு ஜும்ஆவுக்குப் பிறகு, டைல்ஸ் ஒட்டும் ஒடிசா வாலிபர் ஒருவர் பள்ளிவாசல் வாசலில் நின்றார். ஒன்பது வாரக் கூலி பாக்கி. தராதவர் நம் ஜமாஅத்தைச் சேர்ந்த காண்டிராக்டர்; முதல் ஸஃப்பில் தொழுகிறவர். நாங்கள் செய்த முதல் காரியம் துண்டை விரித்ததுதான். 2,300 ரூபாய் சேர்ந்தது. அந்த வாலிபர் அதைத் தொடவில்லை. “பிச்சை இல்லை, சம்பளம்” என்றார். அவருக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான்.

எங்களுக்கு வெட்கமாகிவிட்டது. “இவர் நம்மவரா?” என்று ஒருவர் கேட்டார். இமாம் ஹஜ்ரத் அவர்கள், “அந்த யமன் வியாபாரி யார்?” என்று மட்டும் திருப்பிக் கேட்டார்கள். அஸர் தொழுகைக்குப் பிறகு முத்தவல்லி, ஹஜ்ரத், பக்கத்துத் தெரு இந்து வக்கீல், நாங்கள் இருவர் என ஐந்து பேர் போனோம். ஜமாஅத்துக்கு இதில் என்ன வேலை என்று காண்டிராக்டர் சத்தம் போட்டார். அன்று பாதிப் பணம் கிடைத்தது. மீதிக்கு வக்கீல் தொழிலாளர் துறையில் மனு எழுதிக் கொடுத்தார். தொழிலாளர்களுக்கு இலவசச் சட்ட உதவி கிடைக்க 1987-ம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டது என்பதும், அதற்கென வட்டச் சட்டப்பணிகள் குழு இருக்கிறது என்பதும் எங்களில் பலருக்கு அன்றுதான் தெரியும். மீதிப் பணம் வந்துசேர இரண்டு மாதமாயிற்று. காண்டிராக்டர் இப்போது வேறு பள்ளியில் தொழுகிறார். அது எங்களுக்கு வருத்தம்தான்.

மதரஸா அலமாரியில் சந்தாப் புத்தகத்துக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். வெளியூரிலிருந்து வந்து முறையிடுகிறவரின் பெயர், வேலை, பாக்கித் தொகை, யார் யார் கூடப் போனார்கள் என்று அதில் எழுதுகிறோம். இதுவரை ஏழு பெயர்கள். நான்குக்கு எதிரே “தீர்ந்தது” என்று இருக்கிறது. ஒருவர் பொறுக்கமாட்டாமல் ஊருக்கே போய்விட்டார். மற்ற இருவருக்காக வரும் திங்கட்கிழமை, அஸருக்குப் பிறகு போகிறோம்.