பழைய கம்ப்யூட்டரில் வீட்டுக்கு ஒரு ஸ்டோரேஜ் சர்வர்

புதிய கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பலரும் என்னிடம் கேட்கும் கேள்வி, "பழையதை என்ன செய்வது?" என்பதுதான். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. நான்காம் தலைமுறை ஐ3 போன்ற பிராசசர்களை விண்டோஸ் 11 ஏற்பதில்லை. அதனால் நன்றாக ஓடும் கம்ப்யூட்டர்களும் மூலைக்குப் போகின்றன. எடைக்குப் போடும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

சர்வர் என்றதும் பயப்பட வேண்டாம். வீட்டில் உள்ள எல்லாரும் தங்கள் ஃபைல்களைப் போட்டு வைக்க ஒரு பொது பீரோ, அவ்வளவுதான். இதற்கு மானிட்டர், கீபோர்டு எதுவும் நிரந்தரமாகத் தேவையில்லை. ரவுட்டரோடு ஒரு கேபிளில் இணைத்துவிட்டால் போதும்.

எனக்கு இது ஏன் தேவைப்பட்டது என்று சொல்கிறேன். எங்கள் வீட்டுப் போட்டோக்கள் முழுவதும் ஒரே ஓர் எக்ஸ்டெர்னல் ஹார்ட் டிஸ்க்கில் இருந்தன. அது ஒருநாள் மேஜையிலிருந்து விழுந்தது. பிறகு 'டிக், டிக்' என்று சத்தம் மட்டும்தான் வந்தது. அக்கா கல்யாணப் போட்டோக்களை உறவினர்களிடம் கேட்டு ஓரளவு சேர்த்துவிட்டோம். பாட்டி பேசிய இரண்டு வீடியோக்கள் வேறு யாரிடமும் இல்லை. இன்ஜினியரிங் படித்து, சாஃப்ட்வேர் வேலையும் பார்க்கிறேன். "இதைக்கூட உன்னால் எடுக்க முடியாதா?" என்று அம்மா கேட்டபோது பதில் சொல்லத் தெரியவில்லை.

எதைப் பழசாக வாங்கலாம்?

மதர்போர்டு, பிராசசர், ராம், கேபினட் நான்கையும் தைரியமாகப் பழசாக வாங்கலாம். நான் சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் வாங்கினேன். அலுவலகத்தில் ஓடிய ஐ3 கம்ப்யூட்டர், 8 ஜிபி ராம் இருந்தால் தாராளம். 4 ஜிபி இருந்தாலும் ஃபைல் வைக்கப் போதும். கடையிலேயே ஓடவிட்டுப் பாருங்கள். நெட்வொர்க் போர்ட் கிகாபிட் வகையா என்று கட்டாயம் கேளுங்கள். 100 எம்பிபிஎஸ் போர்ட்டில் நொடிக்குச் சுமார் 11 எம்பிதான் போகும். 100 ஜிபி வீடியோவை ஏற்ற இரண்டரை மணி நேரம் ஆகும். கிகாபிட்டில் அதே வேலை கால் மணி நேரத்தில் முடியும். ரவுட்டரின் போர்ட்டும் கிகாபிட்டாக இருக்க வேண்டும், கேபிள் கேட் 5ஈ அல்லது அதற்கு மேல்.

எஸ்எம்பிஎஸ்ஸில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். அது கெட்டால் மற்றதையும் இழுத்துக்கொண்டு போகும். நல்ல கம்பெனியின் புதியதை வாங்குங்கள். மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பேட்டரியையும் மாற்றிவிடுங்கள், சில ரூபாய் விஷயம்.

ஹார்ட் டிஸ்க் புதிதாகவே வாங்குங்கள். நான் வாங்கவில்லை, பட்டேன். "ஆபீஸ் டிஸ்க் சார், நல்லா ஓடும்" என்று சொல்லிக் கொடுத்த 2 டிபி டிஸ்க் முதல் வாரமே ஃபைல் திறக்கத் தயங்கியது. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச சாஃப்ட்வேரைப் போட்டுப் பார்த்தேன். 197-ஆம் வரிசையில், அதாவது படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டார்கள் என்ற இடத்தில், 24 என்று காட்டியது. இதை வாங்கும் முன்பே பார்த்திருக்க வேண்டும். ஸ்மார்ட் தகவலில் 5, 197, 198 ஆகிய மூன்றுக்கும் ரா வேல்யூ பூஜ்யமாக இருக்க வேண்டும். 199 ஏறினால் பெரும்பாலும் சாட்டா கேபிளில்தான் கோளாறு, டிஸ்க்கைக் குறை சொல்ல வேண்டாம். 9-ஆம் வரிசையில் ஓடிய மணி நேரம் தெரியும். ஆனால் அதை அழித்துப் புதிது போல விற்பதும் நடந்திருக்கிறது, எனவே அதை மட்டும் நம்பாதீர்கள்.

சாஃப்ட்வேர் நிறுவுதல்

நான் பயன்படுத்துவது ஓப்பன்மீடியாவால்ட். டெபியன் லினக்ஸ் மீது அமைந்தது, இலவசம். ட்ரூநாஸ் என்றொரு நல்ல சாஃப்ட்வேரும் உண்டு. அது குறைந்தது 8 ஜிபி ராம் கேட்கும்.

ஐஎஸ்ஓ ஃபைலை டவுன்லோட் செய்து, ரூஃபஸ் மூலம் பென் டிரைவில் ஏற்றுங்கள். சிஸ்டத்துக்குத் தனியாக ஒரு சிறிய எஸ்எஸ்டி வேண்டும். 120 ஜிபி தேவைக்கு அதிகம். நிறுவும்போது டேட்டா டிஸ்க்கின் கேபிளைக் கழற்றி வையுங்கள். தவறான டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்துவிட்டால் அதில் உள்ள எல்லாம் அழிந்துவிடும்.

நிறுவி முடித்ததும் திரையில் 192.168.1.20 போல ஓர் எண் தெரியும். வேறு கம்ப்யூட்டரின் பிரவுசரில் அந்த எண்ணைக் கொடுத்து, அட்மின் என்ற பயனராக நுழைந்து, முதல் வேலையாகப் பாஸ்வேர்டை மாற்றிவிடுங்கள். கம்ப்யூட்டரை அணைத்து, டேட்டா டிஸ்க்கை மாட்டி, ஸ்டோரேஜ் பகுதியில் எக்ஸ்ட்4 ஃபைல் சிஸ்டம் உருவாக்குங்கள். பின் ஷேர்டு ஃபோல்டர், அதன் பின் வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு யூசர், கடைசியில் எஸ்எம்பி சேவை. ஒவ்வொரு மாற்றத்துக்கும் மேலே தோன்றும் மஞ்சள் பட்டையில் டிக் அடையாளத்தை அழுத்தினால்தான் அது அமலாகும். இதைக் கவனிக்காமல் அரை நாள் குழம்பியிருக்கிறேன்.

இனி விண்டோஸில் ரன் பெட்டியைத் திறந்து, இரண்டு பின்சாய்கோடுகளுக்குப் பிறகு அந்த எண்ணைக் கொடுங்கள். உங்கள் ஃபோல்டர் தெரியும். அந்த எண் மாறாதபடி ரவுட்டரில் ஒதுக்கி வையுங்கள். ஆனால் வெளியூரிலிருந்து பார்க்கலாமே என்று ரவுட்டரில் போர்ட்டைத் திறந்துவிடாதீர்கள்.

கரண்ட் செலவு எவ்வளவு என்கிறீர்களா? 40 வாட் இழுக்கும் பெட்டியை நாள் முழுவதும் ஓட்டினால் இரண்டு மாதத்துக்குச் சுமார் 58 யூனிட். மாலையில் நான்கு மணி நேரம் மட்டும் என்றால் 10 யூனிட்டுக்குள். நாங்கள் மாலையில் மட்டும்தான் போடுகிறோம். கரண்ட் கட் ஆகும் வீடுகளில் ஒரு சிறிய யுபிஎஸ் அவசியம்.

எல்லாம் முடிந்து அம்மாவிடம் பெருமையாகக் காட்டினேன். "சரிப்பா, இந்தப் பெட்டியே போயிட்டா?" என்றார். சரியான கேள்வி. இரண்டு டிஸ்க் போட்டு ரெய்டு 1 அமைத்தால் போதாதா என்று சிலர் கேட்பார்கள். ஒரு டிஸ்க் பழுதானால் மற்றது காப்பாற்றும், உண்மை. நீங்களே தவறுதலாக ஒரு ஃபோல்டரை அழித்தால் இரண்டிலும் சேர்ந்தே அழியும். திருட்டு, வெள்ளம், மின்னல் என்றாலும் இரண்டும் ஒரே பெட்டியில்தானே இருக்கின்றன?

அதனால் இரண்டு எக்ஸ்டெர்னல் டிஸ்க் வாங்கினேன். ஒன்று எங்கள் வீட்டில், இன்னொன்று மதுரையில் அக்கா வீட்டு அலமாரியில். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஊருக்குப் போகும்போது ஒன்றைக் கொடுத்து மற்றதை வாங்கி வருகிறேன். வாங்கி வந்ததும் பத்து போட்டோக்களையாவது திறந்து பார்த்துவிட்டுத்தான் அதில் புதிதாக ஏற்றுகிறேன். இந்தப் பொங்கலுக்கு அம்மாவே அந்த டிஸ்க்கைத் துணியில் சுற்றி, முறுக்கு டப்பாவோடு பையில் வைத்திருந்தார்.