மெயில் வருகிறது, ஆனால் போகவில்லையா?

வீட்டு வைஃபையில் மெயில் தடையின்றி வருகிறது. அனுப்பினால் மட்டும் அவுட்பாக்ஸிலேயே நிற்கிறதா? வாங்கவும் அனுப்பவும் தனித்தனி சர்வர் இருப்பதால் இப்படி நேரும்.

● வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் அனுப்பிப் பாருங்கள். போனால் கோளாறு வீட்டு இணைப்பில். போகாவிட்டால் பெரும்பாலும் மெயில் செட்டிங்ஸில்.

● இணைப்பில்தான் கோளாறு என்றால் ரூட்டரை அணைத்து, அரை நிமிடம் கழித்துப் போடுங்கள். விபிஎன் ஓடினால் நிறுத்திப் பாருங்கள்.

● அவுட்லுக், தண்டர்பேர்ட் போன்ற மெயில் செயலிகளில் அனுப்பும் சர்வரின் (எஸ்எம்டிபி) போர்ட் 25 என்றிருந்தால் மாற்றுங்கள். ஸ்பேமைத் தடுக்க இணையச் சேவை நிறுவனங்கள் பல அந்த வழியை அடைத்துவிட்டன. 587 போட்டால் ‘ஸ்டார்ட்டிஎல்எஸ்’, 465 போட்டால் ‘எஸ்எஸ்எல்/டிஎல்எஸ்’ தேர்ந்தெடுங்கள்.

● அனுப்பும் சர்வருக்கும் பயனர்பெயர், பாஸ்வேர்டு கொடுத்திருக்கிறதா என்று பாருங்கள். மெயில் பாஸ்வேர்டை அண்மையில் மாற்றியிருந்தால் இங்கேயும் மாற்ற வேண்டும்.

● ஜிமெயிலில் மெயிலுடன் இணைக்கும் கோப்புகளின் வரம்பு 25 எம்பி. கல்யாண வீடியோ போன்ற பெரிய கோப்புகளை கூகுள் டிரைவில் ஏற்றி லிங்க்கை அனுப்புங்கள்.

● கூகுள் கணக்கின் இலவச இடம் 15 ஜிபி. அது நிரம்பிக் கிடந்தாலும் மெயில் நின்றுபோகும். வேண்டாதவற்றை அழித்து, குப்பைத்தொட்டியையும் காலி செய்யுங்கள்.