உண்டா இல்லையா என்று கேட்கப் போகிறவளுக்கு

அம்மாடி, தத்துவம் படிக்கப் போகிறாய், அதிலும் இருப்பியல் என்கிறாய். எவையெல்லாம் இருக்கின்றன, 'இருக்கிறது' என்று எப்போது சொல்லலாம் என்று கேட்கிற துறை. ஆயுள் முழுக்க அதோடு மல்லுக்கட்டியவன் என்ற உரிமையில் சிலவற்றைச் சொல்லிவைக்கிறேன்.

1. சின்னதில் தொடங்கு. கடவுள் உண்டா, ஆன்மா உண்டா என்று முதல் நாளே பாயாதே. ஒரு மெதுவடையை எடுத்து வை. நடுவிலிருக்கும் ஓட்டை ஒரு பொருளா? அதை எண்ணலாம், அளக்கலாம். வடையைத் தின்றதும் எங்கே போனது? நீ தின்றது மாவை மட்டும்தானே! சிரிக்காதே. வைசேஷிகர்கள் என்ற பழைய இந்தியத் தத்துவ மரபினர், இருப்பவற்றின் வகைகளான பதார்த்தங்களில் பிற்காலத்தில் இன்மையையே ஏழாவதாகச் சேர்த்தார்கள். 1970இல் தத்துவவாதிகள் டேவிட் லூயிஸும் ஸ்டெஃபானி லூயிஸும் ஓட்டைகளைப் பற்றியே ஓர் உரையாடல் எழுதினார்கள். என்னிடம் படித்தவர்களில் வடையில் பொறுமை காட்டியவர்கள்தான் ஆன்மாவிலும் நிதானமாக இருந்தார்கள்.

2. ஒருமுறை பலித்த வழி மறுமுறையும் பலிக்கும் என்று நம்பிவிடாதே. இதை மட்டும் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். யுரேனஸ் கணக்குக்கு அடங்காமல் விலகிப் போயிற்று. கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒரு கோள் அதை இழுக்கிறது என்றார் பிரெஞ்சு வானியலாளர் லெவெரியே. அது இருக்கும் இடத்தையும் தாளிலேயே கணித்தார். 1846 செப்டம்பரில் பெர்லினில் வானியலாளர் காலே தொலைநோக்கியை அங்கே திருப்பினார். அன்றிரவே நெப்டியூன் அகப்பட்டது, சொன்ன இடத்திலிருந்து ஒரு பாகைகூட விலகவில்லை. பிறகு புதனும் கொஞ்சம் பிசகியது. லெவெரியே 1859இல் அதே வழியில் யோசித்தார்: சூரியனுக்கும் புதனுக்கும் நடுவே இன்னொரு கோள். கிராமத்து மருத்துவர் ஒருவர் அதைப் பார்த்ததாகச் சொன்னார். லெவெரியே நேரில் போய் விசாரித்து நம்பினார். வல்கன் என்று பெயரும் வைத்தாயிற்று, கோளைத்தான் காணோம். 1877இல் அவர் இறக்கும்வரை அந்த நம்பிக்கையை விடவில்லை. 1915இல் ஐன்ஸ்டைன் வந்து, புதிய கோள் எதுவும் வேண்டாம், மாற வேண்டியது ஈர்ப்பைப் பற்றிய நம் கருத்துதான் என்று காட்டினார். ஒரே மனிதர், ஒரே தர்க்கம். ஒன்று உண்டு, ஒன்று இல்லை. கெட்டிக்காரத்தனம் இவற்றைப் பிரித்துக் காட்டவில்லை, வானம்தான் காட்டியது. அதனால் நாற்காலியில் உட்கார்ந்தபடியே உலகத்துக்குப் பட்டியல் போடாதே.

3. தோற்றால் ஊரறியத் தோற்றுப் பழகு. அணு என்பது கணக்குக்கு வசதியான கற்பனை என்று பிடிவாதமாக நின்றவர் வேதியியலாளர் ஆஸ்ட்வால்ட். பிரெஞ்சு இயற்பியலாளர் பெரன் என்ன செய்தார் தெரியுமா? ஒரு மஞ்சள் பிசினை நுண்ணிய மணிகளாக்கி நீரில் மிதக்கவிட்டு, அடியில் எத்தனை, மேலே எத்தனை என்று நுண்ணோக்கியில் எண்ணிக்கொண்டிருந்தார். அதிலிருந்து, ஒரு மோல் பொருளில் எத்தனை மூலக்கூறுகள் என்று சொல்லும் அவகாட்ரோ எண் கிடைத்தது. சம்பந்தமே இல்லாத வேறு பல வழிகளிலும் கிட்டத்தட்ட அதே எண் வந்தது. 1909இல் ஆஸ்ட்வால்ட் தன் பாடநூல் முன்னுரையிலேயே அணு உண்டு என்று ஒப்புக்கொண்டார். அவர் தோற்ற விதத்துக்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும்.

4. கல்யாண வீட்டில் "இதைப் படித்தால் என்ன வேலை கிடைக்கும்?" என்று கேட்பார்கள். கோபப்படாதே. பாயசம் ஆறிப்போகும்.

5. "எல்லாம் நம்மவர்கள் அன்றே சொன்னது" என்று பெருமை பேசாதே. வைசேஷிகத்தின் மூலவரான கணாதர் அன்றே அணுவைச் சொன்னார் என்று பேசி ஒரு மாணவன் கைதட்டு வாங்கினான். எத்தனை வகை அணு என்று கேட்டேன், விழித்தான். மண், நீர், தீ, காற்று என்று நான்கு வகை. இரண்டு சேர்ந்து இரட்டை, மூன்று இரட்டை சேர்ந்தால் சன்னல் வெயிலில் மிதக்கும் தூசு. இதன் அழகே தனி. அதை டால்டனின் அணுவாக்கினால் இருவருக்கும் துரோகம். மணிமேகலையைப் பார், பூதவாதியையும் வைசேஷிகவாதியையும் தேடிப் போய் அவரவர் கொள்கையை அவரவர் வாயாலேயே கேட்கிறாள். காது கொடுத்த பிறகு வாதாடு.

6. விஞ்ஞானியிடம் கைகட்டி நிற்காதே, அவரைச் சீண்டவும் செய்யாதே. இயற்பியல் பேராசிரியரான நண்பர் ஒருவர், "எலக்ட்ரான் இருக்கிறதா என்பதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், உமக்கென்ன வேலை?" என்பார். "உம்முடைய சமன்பாட்டில் இருக்கிற எண்கள் இருக்கின்றனவா?" என்று நான் கேட்டால் தேநீர் வரவழைப்பார். ஒரு கோட்பாட்டை உண்மை என்று ஏற்றால், அது உண்மையாவதற்கு எவை இருந்தாக வேண்டுமோ அவற்றையும் ஏற்றாக வேண்டும் என்று 1948இல் எழுதினார் அமெரிக்கத் தத்துவவாதி குவைன். அப்படியானால் எலக்ட்ரானோடு எண்ணையும் ஏற்க வேண்டுமே! மாட்டேன் என்று ஹார்ட்ரி ஃபீல்டு 1980இல் ஒரு புத்தகமே போட்டார், நியூட்டனின் ஈர்ப்பை எண்ணே இல்லாமல் எழுதிக் காட்ட முயன்று. இரண்டு பேரையும் படி. யார் பக்கம் நிற்கிறாய் என்று பொங்கலுக்கு வரும்போது சொல், நான் எதிர்ப்பக்கம் எடுத்துக்கொள்கிறேன்.