பயணத்திற்கேற்ற கேமரா

நுழையும்முன்

பயணம் செல்வோர் பலர் கேமரா ஒன்றை உடன் கொண்டுசெல்ல விரும்புகின்றனர். கடைக்குச் சென்றால் பலவகைக் கேமராக்கள் அடுக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு பெட்டியின் மேலும் பெரிய எண்கள் அச்சிடப்பட்டிருக்கும். எண் பெரிதாக இருப்பதே சிறந்தது எனப் பலர் கருதுவர். அக்கருத்து சரியானதா? வெள்ளறடையிலிருந்து கன்னியாகுமரி வரையிலான ஒரு பயணத்தின் வழியாக இப்பாடம் அதற்கு விடை தேடுகிறது.

எல்லையில் ஓர் ஊர்

வெள்ளறடை திருவனந்தபுரம் மாவட்டத்தில் தமிழக எல்லையை ஒட்டி அமைந்த மலையடிவார ஊர். 1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் மாநிலங்கள் மொழிவழியாகப் பிரிக்கப்பட்டன. அப்போது தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் கன்னியாகுமரி மாவட்டமாகித் தமிழகத்துடன் சேர்ந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. எல்லைக்கோடு வரையப்பட்டாலும் உறவுகள் அறுபடவில்லை. பாறசாலை, வெள்ளறடைப் பகுதிக் குடும்பங்கள் பலவற்றுக்குத் தாத்தா வீடோ அத்தை வீடோ எல்லைக்கு அப்பால் இருக்கும்.

இவ்வூர்களிலிருந்து பிழைப்புக்காகத் தொலைவிடங்களுக்குச் சென்றோரும் உண்டு. அவர்தம் பிள்ளைகள் பிறந்த மண்ணை ஆண்டுக்கு ஒரு முறையே காண்பர். பாட்டியின் முகம், ஓட்டு வீட்டின் திண்ணை, முற்றத்துப் பலாமரம் ஆகியவை அடுத்த ஆண்டும் அவ்வாறே இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. எனவே அந்தச் சில நாள்களில் எடுக்கும் படம் விலைமதிப்பற்றது. கேமராவுக்குச் செலவாகும் பணமோ பெற்றோர் உழைத்துச் சேர்த்தது. படமும் கெடக்கூடாது, பணமும் வீணாகக்கூடாது. ஆதலால் கேமராவைத் தேர்ந்தெடுப்பதற்கு அறிவு வேண்டும்.

டிஜிட்டல் கேமரா செயற்படும் முறை

பழைய கேமராவில் ஒளி, படச்சுருளின் மேல் விழுந்து உருவத்தைப் பதித்தது. டிஜிட்டல் கேமராவில் படச்சுருள் இல்லை. லென்ஸ் எனப்படும் வில்லை வழியே நுழையும் ஒளி, சென்சார் எனப்படும் ஒளியுணரியின் மேல் விழுகிறது. ஒளியுணரியில் இலட்சக்கணக்கான நுண்ணிய கட்டங்கள் உள்ளன. ஒவ்வொன்றும் தன்மேல் விழும் ஒளியின் அளவை மின்னாற்றலாக மாற்றுகிறது. அது பின்னர் எண்களாக மாறி நினைவக அட்டையில் பதிகிறது.

இதற்கு அடிப்படையான கண்டுபிடிப்பை 1969ஆம் ஆண்டு அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் வில்லர்டு பாயில், ஜார்ஜ் ஸ்மித் ஆகிய இருவரும் நிகழ்த்தினர். அதற்காக 2009ஆம் ஆண்டு நோபல் பரிசில் பங்கு பெற்றனர். 1975ஆம் ஆண்டு கோடாக் நிறுவனப் பொறியாளர் ஸ்டீவன் சாசன் கையில் தூக்கிச் செல்லத்தக்க டிஜிட்டல் கேமராவை உருவாக்கினார். அதன் எடை ஏறத்தாழ 3.6 கிலோகிராம். ஒரு கறுப்புவெள்ளைப் படத்தை ஒலிநாடாவில் பதிக்க அது 23 நொடிகள் எடுத்துக்கொண்டது. அப்படத்தில் இருந்த புள்ளிகள் 10,000 மட்டுமே.

மெகாபிக்சல் கணக்கு

படத்தில் உள்ள புள்ளி ஒவ்வொன்றும் பிக்சல் எனப்படும். பத்து இலட்சம் பிக்சல்கள் சேர்ந்தது ஒரு மெகாபிக்சல். கடைகளில் முதலில் சொல்லப்படும் எண் இதுவே. ஆயினும் உண்மையில் தேவைப்படும் அளவு எவ்வளவு எனக் கணக்கிட்டுப் பார்த்தல் நன்று.

தெளிவான அச்சுக்கு ஓர் அங்குலத்திற்கு 300 புள்ளிகள் போதும். ஆல்பத்தில் ஒட்டும் படம் 6 அங்குல நீளமும் 4 அங்குல அகலமும் உடையது. அதற்கு 1800 × 1200, அதாவது சற்றேறக்குறைய 22 இலட்சம் புள்ளிகள் தேவை. அது 2.2 மெகாபிக்சல். சுவரில் மாட்டத்தக்க ஏ4 தாள் அளவுப் படத்திற்கும் 9 மெகாபிக்சலுக்குக் குறைவாகவே தேவைப்படும். இன்றைய கேமராக்கள் பெரும்பாலானவை இதனினும் மிகுதியான பிக்சல்களைக் கொண்டவை. எனவே மிகப் பெரிய எண்ணுக்காக மிகுந்த பணம் கொடுப்பதால் பாட்டியின் படம் மேலும் அழகாகிவிடுவதில்லை.

எண்ணைக் காட்டிலும் ஒளியுணரியின் பரப்பு முதன்மையானது. சிறிய கேமராக்கள் பலவற்றில் ஒளியுணரியின் பரப்பு ஏறத்தாழ 28 சதுர மில்லிமீட்டர். ‘ஓர் அங்குல வகை’ எனப்படுவதன் பரப்பு ஏறத்தாழ 116 சதுர மில்லிமீட்டர். ‘முழுச்சட்டம்’ எனப்படுவதோ 864 சதுர மில்லிமீட்டர். மழைநீரை ஏந்தும் பாத்திரத்தின் வாய் அகன்றிருந்தால் மிகுதியான நீர் சேரும். அதுபோலவே பரப்பு பெரிதானால் மிகுதியான ஒளி சேரும். இருண்ட இடத்திலும் படம் தெளிவாக அமையும். ஆனால் ஒளியுணரி பெரிதாகும்போது வில்லையும் பெரிதாகும். எடையும் விலையும் கூடும். ஆகவே எல்லா வகையிலும் சிறந்த கேமரா என ஒன்று இல்லை. செல்லும் பயணத்திற்குப் பொருந்துவது எது என்பதே கேட்கவேண்டிய வினா.

வழிநெடுகிலும் வினாக்கள்

வெள்ளறடையிலிருந்து ஒரு குடும்பம் மூன்று நாள் பயணமாகப் புறப்படுவதாகக் கொள்க. அக்குடும்பம் காணும் ஒவ்வோர் இடமும் கேமராவைக் குறித்து ஒரு வினாவை எழுப்புகிறது.

*குரிசுமலை: எடை எவ்வளவு?* மாநில எல்லையில் உயர்ந்து நிற்கும் இம்மலைமேல் கதிரவன் எழுவதைக் காண விடியுமுன் ஏறவேண்டும். தண்ணீரும் உணவும் சுமந்து ஏறுவோருக்குக் கழுத்தில் தொங்கும் கனத்த கேமரா பெருஞ்சுமையாகும். சுமைக்கு அஞ்சி வீட்டிலேயே விட்டுவந்த கேமரா எவ்வளவு உயர்ந்ததாயினும் பயன் தராது.

*திற்பரப்பு அருவி: ஷட்டரின் விரைவு என்ன?* ஒளியுணரிமேல் ஒளி விழும் நேரத்தை ஷட்டர் கட்டுப்படுத்துகிறது. நொடியில் ஐந்நூறில் ஒரு பங்கு நேரம் திறந்து மூடினால் நீர்த்துளிகள் அந்தரத்தில் நிற்பதுபோல் தெரியும். அரை நொடி திறந்திருந்தால் அருவி வெண்பட்டுப் போல் காட்சி தரும். இந்நேரத்தைத் தாமே மாற்றியமைக்கும் வசதி கேமராவில் உள்ளதா என்று பார்க்கவேண்டும். சாரல் பட்டால் தாங்குமா என்பதையும் கேட்டறிய வேண்டும்.

*சிதறால் மலை: காத்திருக்கும் பொறுமை உண்டா?* இங்குள்ள சமணச் சிற்பங்கள் பாறையில் புடைப்பாகச் செதுக்கப்பட்டவை. கதிரவன் உச்சியில் நிற்கும்போதும், நேர்முன்னிருந்து ஃபிளாஷ் ஒளி படும்போதும் அவை தட்டையாகத் தோன்றும். பக்கவாட்டில் சாய்ந்து விழும் வெயிலிலே சிற்பத்தின் மேடுபள்ளம் நிழலுடன் புலப்படும். இதனை எந்தக் கேமராவும் தானாகச் செய்து தராது. நேரத்தைத் தேர்வதும் படமெடுப்போர் கடமையே.

*மாத்தூர் தொட்டிப்பாலம்: எவ்வளவு அகலம் அடங்கும்?* பரளியாற்றின் பள்ளத்தாக்கைக் கடந்து நீரைக் கொண்டுசெல்லும் இந்த நீண்ட பாலத்தை ஒரே படத்தில் அடக்க அகன்ற கோணம் வேண்டும். 24 அல்லது 28 எனத் தொடங்கும் எண், அதாவது முழுச்சட்டத்திற்கு இணையான குவியத்தூரம், அகன்ற கோணத்தைக் குறிக்கும். ‘பத்து மடங்கு ஜூம்’ என்ற சொல் மட்டும் இதனைத் தெரிவிக்காது. தொடங்கும் எண்ணையும் முடியும் எண்ணையும் சேர்த்துப் பார்க்கவேண்டும்.

*பத்மநாபபுரம் அரண்மனை: குறைந்த ஒளியில் எடுக்குமா?* திருவிதாங்கூரின் பழைய தலைநகரான இவ்விடம் தமிழகத்தில் அமைந்திருப்பினும், அரண்மனையைக் கேரள அரசின் தொல்லியல் துறை பேணுகிறது. மரத்தால் அமைந்த கூடங்களில் பலகணி வழியே மெல்லிய ஒளியே நுழைகிறது. இங்கு வில்லையின் ஒளித்துளை அகன்றிருத்தல் வேண்டும். அதனைக் குறிக்கும் எஃப் எண் சிறிதாக இருந்தால் துளை பெரிது என்பது பொருள். எஃப் 2.8 துளை, எஃப் 5.6 துளையைப் போல நான்கு மடங்கு ஒளியை உள்ளே விடும். கை நடுக்கத்தைச் சரிசெய்யும் அமைப்பும் உதவும். ஆனால் அது எடுப்பவர் கையின் அசைவை மட்டுமே ஈடுசெய்யும். எதிரே நடக்கும் பாட்டியின் அசைவை நிறுத்தாது. இங்குக் கேமராவுக்கெனத் தனிக்கட்டணம் உண்டு. படம் எடுக்க இசைவில்லாத இடங்களில் எடுக்காதிருத்தல் பண்பாடு. கோயில் கருவறைக்கும் இது பொருந்தும்.

*தேரூர்க் குளம்: எவ்வளவு தொலைவை நெருக்கும்?* சுசீந்திரம் தேரூர் ஈரநிலத் தொகுதி 2022ஆம் ஆண்டு ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. அங்குள்ள பறவைகளை நெருங்கினால் அவை பறந்துவிடும். தொலைவிலிருந்தே எடுக்க 300, 400 போன்ற நீண்ட குவியத்தூரம் தேவை. இதனை வில்லையே செய்யவேண்டும். டிஜிட்டல் ஜூம் என்பது படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்குவதாகும். இருமடங்கு டிஜிட்டல் ஜூமில் 12 மெகாபிக்சல் படம் 3 மெகாபிக்சலாகக் குறைந்துவிடும்.

*கன்னியாகுமரி: எதிரொளியைச் சமாளிக்குமா?* கடலில் 133 அடி உயரத்தில் திருவள்ளுவர் சிலை நிற்கிறது. அது 2000ஆம் ஆண்டு சனவரி 1ஆம் நாள் திறந்துவைக்கப்பட்டது. உதிக்கும் கதிரவனை முதுகுப்புறம் வைத்து நிற்போர் படத்தில் கருநிழலாகத் தோன்றுவர். ஒளி அளவைக் கூட்டவும் குறைக்கவும் உதவும் பொத்தான் எளிதில் எட்டும் இடத்தில் இருந்தால் இக்குறையைக் களையலாம்.

எவ்வகைக் கேமரா?

மேற்கண்ட வினாக்களுக்கு அளிக்கும் விடைகளே வகையை முடிவுசெய்யும்.

1. *கைபேசிக் கேமரா:* எப்போதும் உடனிருக்கும். பகலொளியில் நன்கு எடுக்கும். உறவினரை மட்டும் படமெடுக்க விரும்பும் குடும்பத்திற்குப் புதிய கேமரா தேவைப்படாமலே போகலாம்.
2. *சட்டைப்பைக் கேமரா:* எடை குறைவு. ஓர் அங்குல வகை ஒளியுணரி உடையவை அரண்மனை போன்ற இருண்ட இடங்களில் கைகொடுக்கும்.
3. *நீள் ஜூம் கேமரா:* ஒரே வில்லையில் பாலமும் பறவையும் அடங்கும். பெரும்பாலும் ஒளியுணரி சிறிது. ஆகவே இருட்டில் தெளிவு குறையும்.
4. *வில்லை மாற்றத்தக்க கேமரா:* படத்தின் தரம் உயர்வு. ஆயினும் வில்லைகளின் விலையையும் எடையையும் சேர்த்தே கணக்கிடவேண்டும்.

மழையும் ஈரமும்

இப்பகுதியில் தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் பெய்கின்றன. ஈரக்காற்றில் நெடுநாள் மூடிவைத்த வில்லையில் பூஞ்சை படரும். காற்றுப்புகாத டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிப் பையுடன் கேமராவை வைத்தால் இதனைத் தடுக்கலாம். குளிரூட்டிய பேருந்திலிருந்து இறங்கியவுடன் வில்லையில் நீராவி படிவதுண்டு. கேமராவைப் பையிலேயே சிறிது நேரம் வைத்திருந்து பின் எடுத்தால் அது படியாது.

கேமராவின் விலையோடு கூடுதல் மின்கலம் ஒன்று, நினைவக அட்டை, உறை ஆகியவற்றின் விலையையும் சேர்த்துக்கொள்ளவேண்டும். விமானத்தில் ஊர் வருவோர் கூடுதல் மின்கலத்தைக் கைப்பையில் வைத்திருத்தல் வேண்டும்; சரக்காக அனுப்பும் பெட்டியில் வைத்தல் கூடாது. ஒவ்வொரு நாள் மாலையும் படங்களை வேறோர் இடத்தில் படியெடுத்து வைத்தல் இன்றியமையாதது. கேமரா தொலைந்தால் வேறொன்று வாங்கலாம். பாட்டியோடு கழித்த நாளை மீண்டும் வாங்க இயலாது.

கடையில் கேமராவைக் கையில் ஏந்திப் பார்க்கவேண்டும். பொத்தான்கள் விரலுக்கு எட்டுகின்றனவா, வெயிலில் திரை தெரிகிறதா, அருகிலுள்ள ஊரில் பழுதுபார்ப்போர் உளரா என விசாரித்தல் வேண்டும். வாங்கிய பின் பயணநாள் வரை காத்திராமல் ஒரு வாரமேனும் வீட்டிலேயே பழகுதல் நன்று.

செல்லும் இடங்களையும் காணும் மனிதரையும் முதலில் ஒரு தாளில் எழுதிக்கொள்பவர் தமக்குத் தேவையானதைத் தெளிவாகக் கேட்பார். எழுதாது செல்பவர் பெட்டியின் மேலுள்ள எண்ணையே நம்பி வாங்க நேரிடும்.

சொற்பொருள்

வில்லை – ஒளியைக் குவிக்கும் கண்ணாடி
பலகணி – சாளரம்
புடைப்பு – மேலெழுந்த வடிவம்
இன்றியமையாதது – இல்லாமல் முடியாதது
இசைவு – அனுமதி

பயிற்சி

1. 10 அங்குல நீளமும் 8 அங்குல அகலமும் உள்ள அச்சுப்படத்திற்கு எத்தனை மெகாபிக்சல் தேவை எனக் கணக்கிடுக.
2. ஒளியுணரியின் பரப்பு மழைநீர்ப் பாத்திரத்தின் வாயுடன் ஒப்பிடப்பட்டது ஏன்?
3. டிஜிட்டல் ஜூம் படத்தின் தெளிவைக் குறைப்பது எவ்வாறு?
4. பிரித்து எழுதுக: ஒளியுணரி, மலையடிவாரம், இவ்விடம்.
5. உன் குடும்பம் அடுத்துச் செல்லவிருக்கும் ஊரில் படமெடுக்க விரும்பும் ஐந்து காட்சிகளை எழுதுக. அவற்றுக்கு எவ்வகைக் கேமரா பொருந்தும் எனக் காரணத்துடன் விளக்குக.
6. வீட்டிலுள்ள பழைய ஒளிப்படம் ஒன்றைப் பெரியோரிடம் காட்டி, அது எப்போது, எங்கே எடுக்கப்பட்டது எனக் கேட்டறிந்து பத்து வரிகளில் எழுதுக.